பயிருக்கு இட்ட அடையாளம்

ஒரு தாவரத்தினுள் புதியதொரு பரம்பரையலகைப் புகுத்துவது அரிய செயல். அது புகுந்துவிட்டதா என்று அறிவது அதனினும் அரியது. ஆய்வுகூடத்தில் இம்முயற்சிக்கு உட்படும் எண்ணற்ற கலங்களுள் மிகச் சிலவே புதிய பரம்பரையலகை ஏற்கின்றன. ஏற்றவையும் ஏலாதவையும் பார்வைக்கு ஒன்றே. பதர்க் குவியலில் மறைந்த நெல்மணிகள் போன்ற அச்சிலவற்றைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்?

இதற்குச் சுளகாக அமைந்ததே தெரிவுக்குரிய அடையாளப் பரம்பரையலகு. விரும்பிய பண்பைத் தரும் பரம்பரையலகுடன், குறித்தவொரு நஞ்சைத் தாங்கும் ஆற்றலைத் தரும் பிறிதொன்றையும் விஞ்ஞானிகள் இணைத்து அனுப்புவர். பின்னர் அந்நஞ்சு கலந்த ஊட்டக்கூழிலே கலங்களை வளர்ப்பர். ஏலாதவை வெளிறி மடியும். ஏற்றவை பசுமையாகத் துளிர்க்கும்.

1983ஆம் ஆண்டில் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் இம்முறை வெற்றி கண்டது. அங்கே கையாளப்பட்ட நஞ்சு கனாமைசின். 1957இல் யப்பானில் அறிவிக்கப்பட்ட இம்மருந்து பற்றீரியாக்களைக் கொல்வது; தாவரக் கலத்தின் பச்சையவுருமணிகளில் புரதம் உண்டாவதையும் தடுப்பது. பற்றீரியாவிலிருந்து பெற்ற அடையாளப் பரம்பரையலகோ ஒரு நொதியத்தை ஆக்குகின்றது. அந்நொதியம் மருந்தோடு பொசுபேற்றைப் பிணைத்து அதன் வலிமையைப் போக்குகின்றது.

ஆயினும், தெரிவு முடிந்த பின்னரும் அடையாளம் பயிரிலேயே தங்கிவிடுகின்றது. உணவின் வழியே அது குடற் பற்றீரியாக்களைச் சென்றடைந்தால், நோய்க்கிருமிகளும் மருந்துக்கு அடங்காதனவாகுமோ என்னும் ஐயம் எழுந்தது. கனாமைசின் காசநோய்க்கும் பயன்பட்ட மருந்தாதலின் இவ்வையத்தை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

1994இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இவ்வடையாளங் கொண்ட தக்காளியை ஆராய்ந்தது. நொதியம் இரைப்பையில் விரைவிற் சிதைவதையும், பரம்பரையலகு பற்றீரியாவுக்குத் தாவுதல் மிக அரிதென்பதையும் கருதி, அதற்கு இசைவளித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, தீங்கு விளைக்கக்கூடிய மருந்தெதிர்ப்பு அடையாளங்களைப் படிப்படியாக விலக்க வேண்டுமென 2001இல் விதித்தது.

இதனால் வேறு வழிகளும் வளர்ந்தன. மன்னோசு என்னும் வெல்லத்தைப் பெரும்பாலான தாவரங்கள் உணவாகக் கொள்ள மாட்டா. அவ்வாற்றலை வழங்கும் பரம்பரையலகை அடையாளமாக்கினால், ஏற்ற கலங்கள் உண்டு வளரும். ஏனையவை பட்டினியால் நலியும். 2005இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது பொன்னரிசி இவ்வாறே தெரிந்தெடுக்கப்பட்டது. வேறு சில முறைகளில், அடையாளத்தையும் பயனுள்ள பரம்பரையலகையும் தனித்தனியே புகுத்துவர். அடுத்த தலைமுறையில் அடையாளம் நீங்கிய நாற்றுகளை மட்டும் பொறுக்கியெடுப்பர்.

நெல்லைப் புடைத்தபின் சுளகை உலையில் இடுவாரில்லை. ஆய்வுகூடத்தோடு அடையாளத்தின் பணி முடிந்துவிடுமாயின், வயலுக்கும் உணவுக்கும் அது வரவேண்டியதில்லை.