ஒன்பதாம் நம்பர்ச் சட்டை

மான்ட்ரியால் நகரத்தில் ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்கள் வழங்கி வந்தன. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அவரை 'மாரிஸ் ரிச்சர்டு' என்றார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்கள் 'மோரீஸ் ரிஷார்' என்றார்கள். எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துக்கள்தாம். வாயில் வரும்போதுதான் வேறாகிவிடும். ஒருவரை அவருடைய தாயார் எப்படி அழைத்தாரோ அப்படியே நாமும் அழைப்பதுதான் மரியாதை அல்லவா? ஆகையால் இந்தக் கட்டுரையில் அவரை ரிஷார் என்றே குறிப்பிடுவோம். பெயரின் உச்சரிப்பைப் பற்றி இவ்வளவு பீடிகை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அவருடைய கதை முழுவதுமே அந்த இரண்டு உச்சரிப்புகளுக்கு நடுவில்தான் நடந்தது.

ரிஷார் பனிக்கட்டி ஹாக்கி விளையாடியவர். ஹாக்கி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது பசும்புல் தரையும் தியான் சந்தின் மட்டையுந்தான். கனடா தேசத்து ஹாக்கி வேறு ஜாதி. அங்கே புல்லுக்குப் பதில் பனிக்கட்டித் தளம். பந்துக்குப் பதில் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கறுப்பு ரப்பர் வட்டு. கட்சிக்கு ஆறு பேர். இருபது இருபது நிமிஷங்களாக மூன்று பகுதி ஆட்டம். பூட்ஸின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு ஆட்டக்காரர்கள் காற்றாய்ப் பறக்கிறார்கள். ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவதும் சட்டப்படி செல்லும். கோபம் மூண்டுவிட்டாலோ, மட்டைகள் வட்டைத் தவிர வேறு பொருள்களையும் பதம் பார்ப்பதுண்டு.

ரயில்வேத் தொழிலாளியின் மகன்

கியூபெக் மாகாணத்து ஜனங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு வம்சத்தவர். 1763-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையால் அவர்களுடைய நாடு பிரிட்டிஷ் கொடியின் கீழ் வந்தது. அதன் பிறகு இருநூறு வருஷ காலம் அவர்கள் தங்கள் பாஷையையும் கோயிலையும் விடாமல் காப்பாற்றி வந்தார்கள். ஆனால் வியாபாரம், பாங்கி, ஆலை நிர்வாகம் எல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கையில். மான்ட்ரியாலில் பிரெஞ்சுக்காரர்களே பெரும்பான்மையினர். ஆனாலும் மேஸ்திரியிடம் பேச வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். சொந்த ஊரில் அந்நியராய் வாழ்வது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில் 1921-ஆம் வருஷம் ஆகஸ்டு 4-ஆம் தேதி மோரீஸ் ரிஷார் பிறந்தார். தகப்பனாருக்குக் கனடியன் பசிபிக் ரயில்வேத் தொழிற்சாலையில் வேலை. எட்டுக் குழந்தைகளில் இவரே மூத்தவர். குளிர் காலத்தில் வீட்டுக்கு அருகில் இருந்த ஆறு உறைந்துவிடும். அதுதான் பையனுடைய விளையாட்டு மைதானம். வயது வந்ததும் தகப்பனாரைப் போலவே இயந்திரத் தொழில் கற்றுக்கொண்டார். தொழிலுக்கு இயந்திரம், ஆசைக்கு ஹாக்கி என்று இருந்தது வாழ்க்கை.

அதிர்ஷ்டம் அவ்வளவு எளிதில் கண் திறக்கவில்லை. பெரிய கட்சிகளுக்குப் பயிற்சியாக விளங்கிய ஆட்டங்களில் ஒரு வருஷம் கணுக்கால் முறிந்தது; மறு வருஷம் மணிக்கட்டு முறிந்தது. உலக யுத்தம் வந்தபோது பட்டாளத்தில் சேரப் போனார். முறிந்து கூடிய எலும்புகளைப் பார்த்துவிட்டு, 'நீர் உதவமாட்டீர்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1942-ல் 'கனடியன்ஸ்' கட்சி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே ஏற்பட்ட கட்சி அது. முதல் வருஷத்தில் பதினாறு ஆட்டங்கள் ஆடி ஐந்து கோல் போட்டார். அதற்குள் மறுபடியும் கால் முறிந்தது. 'இவன் கண்ணாடிப் பாத்திரம். நமக்கு ஏற்க மாட்டான்' என்றே பலரும் நினைத்தார்கள்.

1943-ல் அவருக்கு மூத்த பெண் குழந்தை பிறந்தது. எடை ஒன்பது பவுண்டு. அதுவரை பதினைந்தாம் எண் போட்ட சட்டையை அணிந்து வந்தவர், அந்தச் சந்தோஷத்தில் ஒன்பதாம் எண் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடிப் பாத்திரம் அன்று முதல் இரும்பாயிற்று.

ஐம்பது ஆட்டம், ஐம்பது கோல்

ரிஷார் வலப்புறத்தில் ஆடுகிறவர். ஆனால் இடக்கைப் பழக்கத்தோடு அடிக்கிறவர். எதிர்க் கட்சியின் நீலக் கோட்டைத் தாண்டிவிட்டால் முன்னால் நிற்பது யார், எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. முதுகில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தாலும் அவனையும் இழுத்துக்கொண்டு போய்க் கோல் போடுவார். அந்த வேகத்தைக் கண்டவர்கள் 'ராக்கெட்' என்று பட்டம் சூட்டினார்கள். எதிரே காவல் நின்றவர்கள் அவருடைய மட்டையைக் காட்டிலும் கண்களைக் கண்டே அஞ்சினார்களாம்.

1944 மார்ச்சு 23-ஆம் தேதி டொரான்டோக் கட்சியை 5-1 என்ற கணக்கில் கனடியன்ஸ் தோற்கடித்தார்கள். ஐந்து கோலும் ரிஷார் போட்டவை. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் சிறந்த ஆட்டக்காரர் மூவரை அறிவிப்பது அங்கே வழக்கம். அன்று மூன்று ஸ்தானத்துக்கும் ஒரே பெயர்தான் வாசிக்கப்பட்டது! அதே வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி அவர் வீடு மாற்ற வேண்டியிருந்தது. பகல் முழுவதும் சாமான்களைச் சுமந்துவிட்டு, 'இன்று என்னிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்' என்ற பாவனையில் ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று இரவு அவர் ஐந்து கோல் போட்டதோடு, வேறு மூன்று கோலுக்கும் துணை செய்தார். ஒரே ஆட்டத்தில் அவ்வளவு செய்தவர் அதற்கு முன் யாருமில்லை.

1945 மார்ச்சு 18-ல், பாஸ்டன் நகரத்தில், அந்தப் பருவத்தின் ஐம்பதாவது ஆட்டத்தில் தமது ஐம்பதாவது கோலைப் போட்டார். அதற்கு முன் இருந்த உச்ச வரம்பு 44. அது இருபத்தேழு வருஷமாக அசையாமல் நின்றது. 'நல்ல ஆட்டக்காரர்கள் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத இடத்தில் அடித்த கோல்' என்று சிலர் முணுமுணுத்தார்கள். யுத்தம் முடிந்தது, அவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். 1946-47-ல் ரிஷார் 45 கோல் போட்டு மறுபடியும் முதல்வராக நின்றார். முணுமுணுப்பு அடங்கியது.

1952 ஏப்ரல் 8-ஆம் தேதி பாஸ்டன் கட்சியோடு முடிவான ஆட்டம். நடுவில் பலமாக மோதி விழுந்து ரிஷார் நினைவிழந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது, கட்டுப் போட்ட தலையோடு திரும்பி வந்து வெற்றிக் கோலைப் போட்டார். ரத்தம் வழியும் முகத்தோடு நிற்கும் அவருக்கு, கண் வீங்கிய பாஸ்டன் கோல் காவலர் தலை குனிந்து கை கொடுக்கும் புகைப்படம் உலகப் பிரசித்தி பெற்றது.

கலக இரவு

இந்தப் பெருமையோடு ஒரு குறையும் சேர்ந்தே வளர்ந்தது. ரிஷாரைத் தடுக்க வழி தெரியாதவர்கள் அவரைச் சீண்டினார்கள். அவருடைய பிறப்பையும் பாஷையையும் சொல்லி ஏசினார்கள். அதிகம் பேசத் தெரியாத ரிஷார் கையால் பதில் சொன்னார். தண்டனை மேல் தண்டனை வந்தது. பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் அவர் பெயரால் கட்டுரைகள் வெளிவந்து கொண்டிருந்தன. 1954-ல் அவற்றில் ஒன்றில், லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல்லை 'சர்வாதிகாரி' என்று எழுதிவிட்டார். மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆயிரம் டாலர் ஜாமீன் கட்ட நேர்ந்தது. எழுதுவதையும் நிறுத்த நேர்ந்தது.

1955 மார்ச்சு 13-ல் பாஸ்டனில் ஓர் ஆட்டக்காரரின் மட்டை ரிஷார் தலையைக் கிழித்தது. வெறி கொண்டவராய் அந்த மனிதரை மட்டையால் திரும்பத் திரும்ப அடித்தார். பிடித்து நிறுத்தப் பார்த்த துணை நடுவரையும் குத்திவிட்டார். மூன்று மாதத்துக்குள் நடுவர் ஒருவர் மேல் அவர் கை வைத்தது இது இரண்டாந் தடவை. இது குற்றந்தான், நாம் அதை மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் காம்பெல் விதித்த தண்டனையைப் பாருங்கள்: அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்கள் மட்டுமல்ல, ஸ்டான்லிக் கோப்பைக்கான ஆட்டங்களிலும் ரிஷார் இறங்கக் கூடாது! அதிகக் கோல்களும் துணைகளும் சேர்த்தவர்களின் வரிசையில் அவர் முதலாவதாக இருந்த சமயம் அது. ஆயுள் முழுவதும் அவருக்குக் கிட்டாத அந்தக் கௌரவம் ஒரே ஒரு புள்ளியில் கை நழுவிப் போயிற்று. 'ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரராக இருந்தால் இப்படிச் செய்திருப்பார்களா?' என்று தெருத் தெருவாகக் கேள்வி எழுந்தது.

மார்ச்சு 17-ஆம் தேதி மான்ட்ரியால் 'போரம்' மண்டபத்தில் டிட்ராய்ட் கட்சியோடு ஆட்டம். வர வேண்டாம் என்று எச்சரித்தும் காம்பெல் வந்து தமது ஆசனத்தில் அமர்ந்தார். தக்காளியும் முட்டையும் அவர் மேல் பறந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டு ஒன்று வெடித்தது. ஆட்டம் நின்றது, டிட்ராய்டுக்கே வெற்றி என்று முடிவாயிற்று. மண்டபத்திலிருந்து வெளியேறிய கூட்டமும் வெளியே காத்திருந்த கூட்டமும் சேர்ந்து செயிண்ட் காதரீன் வீதியைச் சூறையாடின. முப்பத்தேழு பேர் காயமடைந்தார்கள். நஷ்டம் சுமார் ஒரு லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

உடைந்தவை கடைக் கண்ணாடிகள். ஆனால் ஜனங்கள் அடித்தது கண்ணாடியை மட்டுமா? நான்கு நாள் கழித்து ஆந்த்ரே லோராந்தோ என்ற பத்திரிகாசிரியர், 'என் சகோதரன் ரிஷாரைக் கொன்றுவிட்டார்கள்' என்று தலைப்பிட்டுத் தலையங்கம் தீட்டினார். தண்டனை பெற்றவன் ஒரு ஹாக்கிக்காரன் அல்ல, தாங்கள் எல்லாருமே என்று அந்த ஜனங்கள் எண்ணிவிட்டார்கள் என்பதே அதன் சாரம்.

வாய் திறந்த வேளை

மறுநாள் நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் இரவு கலகம் நடந்தால் உயிர்ச் சேதம் நேரலாம். அந்தச் சமயத்தில் ரிஷார் ரேடியோ ஒலிபெருக்கிகளின் முன்னால் வந்து உட்கார்ந்தார். யாருக்காக ஜனங்கள் கொதித்தார்களோ, அவரே பேசினார். தொல்லை விளைவிக்க வேண்டாம். கட்சிக்கு ஆதரவு தாருங்கள். என் தண்டனையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வருஷம் திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவேன் — இவ்வளவுதான் அவர் சொன்னது. பிரெஞ்சிலும் சொன்னார், ஆங்கிலத்திலும் சொன்னார். நகரம் அடங்கியது.

ஐந்நூற்று நாற்பத்து நான்கு கோல்களைக் காட்டிலும் இந்தச் சில வார்த்தைகளே பெரியவை என்பது நம் அபிப்பிராயம். அடித்தவனைத் திருப்பி அடிக்காமல் இருக்கத் தெரியாதவர் அவர். தமக்கு இழைத்தது அநியாயம் என்று அவர் மனம் குமுறியிருக்க வேண்டும். ஒரு சொல் தூண்டிவிட்டால் ஊரே எரியும். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை.

சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கனடியன்ஸ் கோப்பையை வென்றார்கள். அவற்றில் கடைசி நான்கு வருஷமும் ரிஷாரே தலைவர். பதினைந்து வயது இளையவரான தம்பி ஹான்ரியும் உடன் ஆடினார். 1957 அக்டோபரில் ஐந்நூறு கோல் போட்ட முதல் மனிதரானார். 1960 செப்டம்பரில், எட்டுக் கோப்பைகளுக்கு உரியவராய், ஓய்வு பெற்றார்.

ஓய்வுக் காலம் ராஜபோகமாக இருந்துவிடவில்லை. கட்சி நிர்வாகத்தோடு மனஸ்தாபம் ஏற்பட்டுப் பல வருஷம் விலகியிருந்தார். வீட்டிலிருந்தே மீன் பிடிக்கும் தூண்டிற்கயிறு வியாபாரம் செய்தார். 1972-ல் கியூபெக் நகரக் கட்சி ஒன்றுக்குப் பயிற்சியாளராகப் போய், இரண்டே ஆட்டங்களில் விட்டு வந்தார். இதற்கிடையில் அவருடைய ஜனங்கள் தலை நிமிர்ந்தார்கள். 1977-ல் கியூபெக் சட்டசபை, சர்க்கார் அலுவலிலும் தொழில் நிலையங்களிலும் பிரெஞ்சே வழங்க வேண்டுமென்று சட்டம் செய்தது. அந்த எழுச்சிக்கு முதற் பொறி 1955 மார்ச்சு இரவுதான் என்று சரித்திரக்காரர் பலர் எழுதினார்கள். ரிஷாரைக் கேட்டால், 'நான் வெறும் ஹாக்கிக்காரன்' என்பார்.

2000-ஆம் வருஷம் மே 27-ல் அவர் காலமானார். மாகாண சர்க்கார் தன் மரியாதையோடு அவரை அடக்கம் செய்தது. லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வரிசையில் நின்று இறுதி தரிசனம் செய்தார்கள்.

அதற்கு நான்கு வருஷத்துக்கு முன் நடந்த காட்சி ஒன்றைச் சொல்லி முடிப்போம். 1996 மார்ச்சு 11-ல் பழைய போரம் மண்டபத்தில் கடைசி ஆட்டம். பழைய வீரர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். எழுபத்து நான்கு வயது ரிஷார் வந்து நின்றதும் ஜனங்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். பல நிமிஷம் ஓயவே இல்லை. அவர் கையை உயர்த்திப் 'போதும், போதும்' என்று ஜாடை காட்டினார். யாரும் கேட்கவில்லை. கண்ணீர்ப் புகை நிறைந்திருந்த அதே மண்டபத்தில், கிழவரின் கண்களில் நீர் பெருகியது.

1955-ல் அமைதியாக இருங்கள் என்று அவர் கேட்டபோது கீழ்ப்படிந்த ஜனங்கள், அன்று மட்டும் கீழ்ப்படிய மறுத்துவிட்டார்கள்.