சேற்றில் இரை தேடும் பறவைகள்

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்லும் துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையில் நாள்தோறும் போவோர் பலர்; நின்று நோக்குவோர் சிலரே. அவரும் பூநாரையையும் கூழைக்கடாவையும் கண்டு களித்து, சேற்றில் ஓடித் திரியும் சிறு பறவைகளை ‘ஏதோ உள்ளான்’ என்று கழித்துவிடுவர். அச்சிறியனவற்றைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

இவற்றை இனங்காண விரும்புவோர் முதற்கண் நிறத்தை நோக்கற்க. குளிர்காலத்தில் இவற்றுட் பெரும்பாலன பழுப்பும் சாம்பலுமாய் ஒன்றுபோலவே தோன்றும். அலகையும் காலையும், அவை நிற்கும் நீரின் ஆழத்தையும் நோக்குக. உப்புக்கொத்திக்கு அலகு குறியது, கண் பெரியது. ஆதலின் அது ஈரமண்ணிற் சிறிது ஓடும், சட்டென நிற்கும், கண்ணாற் கண்ட புழுவைக் கொத்தி, மீண்டும் ஓடும். உள்ளான் வகைகளோ அலகைச் சேற்றினுட் புகுத்தித் தடவியே இரை காண்பன. அலகின் நுனியில் தொடுவுணர்ச்சி மிகுதி. வாய் முழுதும் திறவாது நுனியை மட்டும் விரித்துப் புழுவைப் பற்றவும் அவற்றுட் பல வல்லன. பவளக்காலி ஆழங்குறைந்த நீரிலும், நெடுங்கால் உள்ளான் அதனினும் ஆழத்திலும் நடந்து மேயும். இங்ஙனம் ஒரு சேற்றையே பல இனங்கள் பெரும்பாலும் பூசலின்றிப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கொசு உள்ளான் சிட்டுக்குருவியளவினதே. வடதுருவத்தையடுத்த குளிர்நிலத்திற் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் மைல் கடந்து வரும் அதற்கு வேண்டுவதெல்லாம் இரண்டொரு அங்குல நீரும் அதன் கீழ்ச் சேறுமேயாம். ஐப்பசி கார்த்திகையில் நீர் நிரம்பியிருக்கையில் அதனைத் தேடிச் செல்வதிற் பயன் சிறிது. தை பிறந்தபின், நீர் வடிந்து பின்வாங்கும் விளிம்பே அதன் உணவறை.

ஆகவே, சதுப்பை மண்கொட்டி மேடாக்கினும், ஏரிபோல் ஆழ வெட்டினும், இப்பறவைகட்கு விளைவது ஒரே கேடுதான். பின்னதை அழகுபடுத்தல் என்று கருதுவாரும் உளர்! முன்னொரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்டிருந்ததாகக் கூறப்படும் இந்நிலத்தின் பெரும்பகுதி வீடுகட்கும் அலுவலகங்கட்கும் பெருங்குடிக் குப்பைமேட்டிற்கும் இரையாயிற்று. எஞ்சியதில் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாயிற்று. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. எல்லை காக்கப்பட்டது நன்றே. நீரின் ஆழத்தையும் காத்தல் வேண்டும் என்போம்.

காணச் செல்லும் மாணவ நண்பர்கள் வைகறையிற் சென்று, கதிரவனை முதுகுப்புறம் கொண்டு நிற்க. குறிப்பேட்டிற் பறவையின் பெயரோடு, நீர் அதன் காலில் எவ்வளவு ஏறியிருந்தது என்பதையும் எழுதி வருக. பெயர் தெரியாவிடினும் பாதகமில்லை. நீரின் அளவை மட்டும் விடற்க.