கிளம்பாத பழைய மோட்டார் வண்டி: பழுதை முறையாய்க் கண்டறியும் விதம்

கிராமத்தில் மோட்டார் வண்டி ஒன்று இருப்பது அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி ஊரார் அனைவருக்கும் உதவியாகும். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணையோ, பாம்பு கடித்தவரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டிய வேளையில் அவ்வண்டி கிளம்ப மறுக்குமாயின், நேரக்கூடிய தீங்கு சொல்லுந்தரத்ததன்று. அவசரமில்லாத வேளையிலோ நஷ்டம் வேறு வழியில் வருகிறது. பழுது இன்னதென்று அறியாமலே, இன்று பாட்டரி, நாளை காயில், மறுநாள் கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாய்ப் புதிது வாங்கிப் பூட்டுவது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. இது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். வண்டி சங்கத்துக்குச் சொந்தமானதாயின், இவ்விதம் வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் அங்கத்தினர்களின் பொதுப் பணமேயாகும்.

இங்கே கூறப்படுபவை கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயிண்டும் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளுக்குப் பொருந்துவன. நம் நாட்டில் இவ்வகைக்குத் தக்க உதாரணம் அம்பாஸடர் வண்டி. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவிய இது, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014-ம் வருஷம் வரை செய்யப்பட்டு வந்தது. டீஸல் வண்டிகளுக்கும், பெட்ரோலைக் கணினியின் உதவியால் பீச்சும் பிற்கால வண்டிகளுக்கும் இம்முறை முழுதும் பொருந்தாது.

யந்திரத்துக்கு வேண்டிய நான்கு

யந்திரம் உயிர்பெற நான்கு வேண்டும். முதலாவது, அது தக்க வேகத்தில் சுழற்றப்படுதல். இரண்டாவது, உரிய தருணத்தில் பிளக்கில் மின்பொறி தோன்றுதல். மூன்றாவது, பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்து உள்ளே செல்லுதல். நான்காவது, அக்கலவை சிலிண்டருக்குள் நன்கு அழுத்தப்படுதல். இந்நான்கில் எது குறைகிறதென்பதை இதே வரிசையில் பார்த்துச் செல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் அவசியம். இரண்டை ஒருங்கே மாற்றினால், வண்டி கிளம்பிய போதிலும் பழுது எதுவென்று தெரியாமற் போகும்.

1. சுழற்சி

முன் விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இயக்குக. விளக்கு மிகவும் மங்கி, யந்திரம் மெல்லச் சுழன்றால் அல்லது சுழலாவிடில், பாட்டரியில் மின்சாரம் குறைவென்றோ, முனைகளில் தொடர்பு சரியில்லையென்றோ கொள்ளலாம். விளக்கு அடியோடு அணைந்துவிட்டால் பெரும்பாலும் முனையின் தொடர்பே பழுதாகும். விளக்கு சிறிதும் மங்காமல் யந்திரமும் அசையாதிருந்தால், ஸ்விட்சிலோ ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கம்பியிலோ ஸ்டார்ட்டரிலோ குறையுண்டு.

பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் களிம்பை, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவ வேண்டும். கழுவும் நீர் பாட்டரியின் உள்ளே இறங்கலாகாது. பின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வாஸலின் தடவுக. யந்திரத்தையும் வண்டியின் சட்டத்தையும் இணைக்கும் ஏர்த் பட்டையையும் இவ்வாறே சுத்தம் செய்தல் நலம். 12 வோல்ட் பாட்டரி, நிறைந்த நிலையில் ஓய்ந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதற்கு மின்சாரம் ஏற்றியாக வேண்டும்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் இயக்காமல், இடையே ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்தல் வேண்டும். ஸ்டார்ட்டரின் பல் சக்கரம் யந்திரத்தின் பல்லில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்பொழுது சாவியை அணைத்து, டாப் கியரில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் சற்று அசைத்தால் சிக்கல் விடுபடும்.

2. மின்பொறி

யந்திரம் நன்கு சுழன்றும் பற்றாவிடில் பொறியைப் பார்க்க வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடல் யந்திரத்தின் உலோகத்தில் படும்படி வைத்து, சாவியைத் திருப்பி யந்திரத்தைச் சுழற்றச் செய்க. கம்பியை வெறுங்கையால் தொடலாகாது. அதில் பல்லாயிரம் வோல்ட் பாயும். பிளக் கழற்றிய துவாரத்தின் அருகிலோ, பெட்ரோல் சிந்திய இடத்திலோ இப்பரீக்ஷையைச் செய்யலாகாது.

நீல நிறத்தில் சொடுக்கென்னும் ஓசையுடன் பொறி தோன்றினால் மின்சாரப் பகுதி பெரும்பாலும் குற்றமற்றது. பொறி செந்நிறமாய் மெலிந்திருந்தாலும், தோன்றாவிட்டாலும், டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறக்க வேண்டும். மழைக் காலத்தில் மூடியின் உட்புறம் ஈரம் படர்வதே போதும், வண்டி நின்றுவிட. உலர்ந்த துணியால் துடைத்து, மயிர்போன்ற வெடிப்பு உண்டாவெனக் கவனிக்க வேண்டும். அடுத்து, பாயிண்டுகள் கருகியோ குழிந்தோ இருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்து, அவை முற்றும் விரிந்த நிலையில் இடைவெளியை அளக்க வேண்டும். அம்பாஸடர் போன்ற வண்டிகளில் அது ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கியதில் ஏறக்குறைய 15 பங்கு. பிளக்கின் இடைவெளி 25 பங்கு. பாயிண்டுகள் அடிக்கடி கருகுமாயின் கண்டென்ஸர் கெட்டிருக்கக்கூடும். விலை குறைந்த அதனை முதலில் மாற்றிப் பார்த்த பின்னரே காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

3. பெட்ரோல்

பொறி சரியாயிருந்தால் பெட்ரோல் வரும் வழியை ஆராய்க. அளவு காட்டும் முள்ளை நம்பாமல், தொட்டியில் உலர்ந்த குச்சியை விட்டுப் பார்ப்பதே உறுதி. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, முனையை ஒரு பாத்திரத்தில் வைத்து, பம்பை இயங்கச் செய்தால் பெட்ரோல் விட்டு விட்டுப் பீறிட வேண்டும். பீறிட்டால் பழுது கார்புரேட்டரில், அதாவது மிதவையிலோ ஊசி வால்விலோ ஜெட்டிலோ இருக்கும். பீறிடாவிடில் வடிகட்டி, பம்பு, குழாய் ஆகியவற்றைப் பின்னோக்கிப் பார்த்துச் செல்க. தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டாலும் பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி ஓடினால் காரணம் அதுவே.

பாத்திரத்தில் பிடித்த பெட்ரோலைக் கண்ணாடித் தம்ளரில் வைத்தால், நீர் கலந்திருப்பின் அடியில் தனியே தங்கும். இப்பொழுது பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் கலக்கப்படுகிறது. 2025-ம் வருஷத்தில் இக்கலப்பு நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆகையால் பல மாதம் நின்ற வண்டியில் பழம் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவதும், பழைய குழாய்களை மாற்றுவதும் விவேகம்.

பெட்ரோல் வாடை வீசி, பிளக்குகள் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டதென்று பொருள். சோக்கை முற்றும் தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே வைத்துச் சுழற்றினால் அது வெளியேறும். திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் மிகும். கோடை வெயிலில் ஓடிச் சூடேறி நின்ற வண்டி மறுபடி கிளம்பாவிடில், குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் காத்திருப்பதே பரிகாரம்.

4. அழுத்தம்

முந்திய மூன்றும் சரியாயிருந்தும் பயனில்லையேல், சாவியை அணைத்துவிட்டு ஹாண்டிலால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எதிர்ப்பு ஒரே விதமாய்க் கைக்குத் தட்டுப்பட வேண்டும். எதிர்ப்புக் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி யந்திர எண்ணெயை விட்டுப் பார்க்கையில் எதிர்ப்பு மிகுந்தால் பிஸ்டன் வளையமும், மிகாவிடில் வால்வும் தேய்ந்திருக்கலாம். இது கைதேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

ஜாக்கிரதைகள்

ஹாண்டில் போடுமுன் கியர் நியூட்ரலில் இருக்கவும், கைப்பிரேக் இழுத்திருக்கவும் வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். யந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படுவதால் அதனருகிலும், பெட்ரோல் தொட்டியருகிலும் தீக்குச்சி, பீடி, திறந்த விளக்கு ஆகியவை கூடா. கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே சுழற்றினால் தீ பின்னோக்கிச் சீறி முகத்தைச் சுடும். மூடிய கொட்டகையில் யந்திரத்தை ஓட விட்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு நிறைந்து உயிரைப் போக்கும்.

சங்கம் செய்யத்தக்கவை

வண்டியுள்ள சங்கம், பிளக் ஸ்பானர், இடைவெளி அளக்கும் தகடுகள், சிறு அரம், மாற்றுப் பிளக், பாயிண்டு, கண்டென்ஸர் ஆகியவற்றை வண்டியிலேயே ஒரு பெட்டியில் வைத்திருத்தல் வேண்டும். டிரைவரைத் தவிர அங்கத்தினர் இருவரேனும், வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே, இப்பரீக்ஷைகளைப் பகலில் ஒருமுறை செய்து பழகியிருப்பது அவசியம். இருளில் நோயாளியை ஏற்றி வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள இயலாது. கண்ட குறை, செய்த பரிகாரம், மாற்றிய உறுப்பு, கொடுத்த விலை ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி, பஞ்சாயத்தார் மாதந்தோறும் பார்வையிட வேண்டும். முடிவில் மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தாலும், ‘பொறி நன்றாயிருக்கிறது, பெட்ரோல் கார்புரேட்டர்வரை வருகிறது’ என்று நோட்டைக் காட்டிச் சொல்லக்கூடிய சங்கத்துக்கு, வேண்டாத உறுப்பை வாங்க நேராது.