பெட்டியில் ‘பேட்டண்ட்’ என்று போட்டிருந்தால் போதுமா?

தேங்காய் துருவி, காய் நறுக்கும் கருவி, கேஸ் லைட்டர், இடியாப்ப அச்சு, சாறு பிழியும் கருவி என்று பாத்திரக் கடைக்கும், இப்போதெல்லாம் மளிகைக் கடைக்கும் வந்து சேரும் சிறு சாமான்களின் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ‘பேட்டண்ட்’ என்றோ, ‘பேட்டண்டுக்கு மனுச் செய்யப்பட்டுள்ளது’ என்றோ அச்சிட்டிருக்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை போல இதுவும் ஒரு தரச் சான்று என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். நம்மில் சிலரும் அப்படிச் சொல்லியே விற்கிறோம். பேட்டண்ட் என்பது தரச் சான்று அல்ல. பொருள் நன்றாக உழைக்கும் என்றோ, ஆபத்தில்லாதது என்றோ அது உத்தரவாதம் தருவதில்லை.

காப்புரிமை எனப்படும் பேட்டண்ட், ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததை வேறு யாரும் அவர் அனுமதியின்றிச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் உரிமை. பதிலுக்கு அவர் தன் தொழில் ரகசியத்தை எழுத்தில் முழுமையாக வெளியிட வேண்டும். நம் நாட்டில் நடப்பது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 1972 ஏப்ரல் 20 முதல் அமலில் உள்ளது. 2003 முதல் உரிமைக் காலம், மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு. அமெரிக்காவிலோ சீனாவிலோ வாங்கிய பேட்டண்ட் இங்கே செல்லாது. இந்தியாவுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதற்குப் பாத்திர வியாபாரிகளே சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு உண்டு. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சுரண்டி மெருகேற்றுவார்கள். பழைய முறையில் பாத்திரத்தை இயந்திரத்தின் தலைப்பகுதியில் பசை வைத்து ஒட்டுவார்கள். வேலை மெதுவாக நடக்கும். சுற்றும்போது பாத்திரம் பிய்த்துக் கொண்டு பறப்பதும் உண்டு. இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கூர்முனைத் தண்டால் அழுத்திப் பிடிக்கும் முறைக்கு 1951 முதல் செல்லத்தக்க பேட்டண்ட் வாங்கியது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற இன்னொரு நிறுவனம் அதே முறையைக் கையாண்டதால் வழக்கு வந்தது. ஒரு நீதிபதி பேட்டண்டை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அது மீண்டும் உயிர் பெற்றது. கடைசியாக 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே சரி என்றது. கூர்முனைத் தண்டு தொழிலில் ஏற்கெனவே எல்லோரும் அறிந்த உறுப்பு, பழைய கருவியைச் சற்றே மாற்றிப் பயன்படுத்துவது எந்தத் தேர்ந்த தொழிலாளிக்கும் தோன்றக் கூடியது, அது கண்டுபிடிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். பேட்டண்டின் காலமே அதற்கு வெகு முன்பே முடிந்து போயிருந்தது என்பது வேறு விஷயம்! இன்றும் பேட்டண்ட் வழக்குகளில் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டாத வக்கீல் அரிது.

‘தோன்றக் கூடியது’, ‘தோன்றாதது’ என்பதை நம் வீட்டுக் கிரைண்டரை வைத்துப் புரிந்து கொள்ளலாம். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைக் கையால் சுற்றுவோம். மோட்டாரை வைத்துக் குழவியைச் சுற்ற வைப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். கிரைண்டரிலோ குழவி நின்ற இடத்தில் நிற்க, கல் சுற்றுகிறது. 1955-ல் கோயம்புத்தூர் பி.சபாபதி செய்ததாகச் சொல்லப்படும் கிரைண்டரிலிருந்து, சாய்க்கும் கிரைண்டர், கூம்புக் கற்கள் வைத்த மேஜை கிரைண்டர் என்று அது வளர்ந்தது. 2005-06-ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில்தான் நம் காஞ்சிபுரம் பட்டுக்கும் கிடைத்தது. இதைப் பலர் பேட்டண்ட் என்றே பேசுகிறார்கள், அது தவறு. புவிசார் குறியீடு ஊரின் பெயருக்கு உரியது, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொண்டே போகலாம். பேட்டண்ட் 20 ஆண்டோடு தீர்ந்துவிடும், பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் எஞ்சினுக்காக பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏறி, 2019-ல்தான் சமரசம் ஆனார்கள்.

இனி கடைக்காரருக்கு வருவோம். பேட்டண்ட் உள்ள பொருளை அனுமதியின்றிச் செய்பவர் மட்டுமல்ல, விற்பவரும், விற்க முன்வருபவரும், இறக்குமதி செய்பவரும் உரிமை மீறியவரே. ‘நான் மொத்தக் கடையில் வாங்கி விற்றேன்’ என்பது முழுப் பதில் ஆகாது. ஆனால் சட்டம் ஒரு பாதுகாப்பும் தந்திருக்கிறது. பேட்டண்ட் இருப்பது தமக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று காட்டினால் நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை. பெட்டியில் எண் இல்லாமல் வெறுமனே ‘பேட்டண்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அதை மட்டும் வைத்து நமக்குத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. எண் போட்டிருந்தால் கதை வேறு. எப்படியானாலும் விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கோர்ட் தடை விதிக்கலாம். தேங்கிய சரக்கு நம் தலையில்தான் விடியும். ஆகவே கொள்முதல் பில்லை ஒழுங்காக வாங்கி வைப்பது வரிக்கு மட்டும் உதவுவதல்ல.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. பேட்டண்ட் இல்லாத பொருளை, அல்லது மனுவே செய்யாத பொருளை, பேட்டண்ட் உள்ளது என்று சொல்லி விற்பவருக்கு அபராதம் உண்டு. முன்பு ஒரு லட்சம் ரூபாய் வரை என்றிருந்தது. 2023-ல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் பத்து லட்சம் வரை ஆகிவிட்டது. தொடர்ந்து அப்படியே சொல்லிக் கொண்டிருந்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல். நாட்டின் பெயர் சொல்லாமல் ‘பேட்டண்ட்’ என்றாலே இந்தியப் பேட்டண்ட் என்றுதான் பொருள் கொள்வார்கள். கடைப் பலகையிலும் நோட்டீசிலும் கைக்கு வந்தபடி எழுதும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாராவது கடைக்கு வந்து ‘எங்கள் பேட்டண்டை மீறுகிறீர்கள்’ என்று மிரட்டினால் பயந்து பணம் கொடுக்க வேண்டாம், எண்ணைக் கேளுங்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நாமே வழக்குப் போடவும் சட்டத்தில் இடமுண்டு.

நம் பிள்ளையார்பாளையத்தில் தறியோடு பிறந்து வளர்ந்தவர்கள் அதிகம். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் எதிர்ப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. இதற்கு யோசனை செய்யாத நெசவாளி இல்லை. தெலங்கானாவின் ஆலேரைச் சேர்ந்த சிந்தகிண்டி மல்லேசம், நூலை முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்றித் தோள் நோகும் தாயின் சிரமம் பார்த்து, 1999-ல் அதற்கு ஒரு இயந்திரம் செய்தார். அதற்குப் பேட்டண்டும் பெற்றார், 2017-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 1733-ல் விசைநாடாவுக்குப் பேட்டண்ட் வாங்கிய இங்கிலாந்தின் ஜான் கேயிடம், முதலாளிகள் உரிமைத் தொகை தர மறுத்ததோடு, வழக்குச் செலவைப் பங்கிட்டுக் கொள்ள ஒரு சங்கமே வைத்தார்கள் (நம் சங்கம் போன்றதல்ல!). வழக்கிலேயே பணம் கரைந்து, அவர் பிரான்சில் போய் இறந்தார்.

நம்மவர் யாரேனும் கருவி ஏதும் செய்தால், முதலில் மனு, பிறகுதான் விற்பனை. பத்துப் பேருக்குக் காட்டிவிட்டு, கடையில் வைத்து விற்றுவிட்டு மனுச் செய்தால், ‘இது புதிதல்ல’ என்று தள்ளிவிடுவார்கள். முழு வேலை முடியாவிட்டாலும் தற்காலிக விவரத்தோடு மனுப் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். தனிநபருக்குக் கணினி வழி மனுக் கட்டணம் 1,600 ரூபாய். வக்கீல், ஏஜெண்ட் செலவும், பரிசீலனைக் கட்டணமும் தனி. நமக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் பேட்டண்ட் எண்ணைப் போட்டுக் காசில்லாமல் தேடலாம். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியான எண்ணைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால், அதுவும் அங்கே தெரிந்துவிடும்.