அப்பாவின் மினியும் ஒரு சிறு ரப்பர் சீலும்

கடந்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பாலோவுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய உறை கிடந்தது. அப்பாவின் மினி காரின் கிராண்ட்.

“நாளைக்கு ஓர் ஆள் பார்க்க வர்றாரும்மா. கொடுத்திடலாம்னு இருக்கேன்,” என்றார் அப்பா, நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்த காலத்தில் அவர் வாங்கிய கார் அது. என் முதல் பள்ளி நாள், பாட்டியின் கடைசி மருத்துவமனைப் பயணம் எல்லாமே அதில்தான். இப்போது கிளட்சை மிதித்தால் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. கியர் விழவில்லை. வந்து பார்த்த ஒருவர், “கிளட்ச் தட்டு போயிருக்கும், ஆயிரக்கணக்கில் ஆகும்” என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வார்த்தையில் அப்பா மனம் தளர்ந்துவிட்டார்.

“யாராவது கழற்றிப் பார்த்தாங்களாப்பா?”

“இல்லம்மா.”

நான் வானொலி அறிவிப்பாளர், மெக்கானிக் இல்லை. ஆனாலும் நேயர்களோடு பேசிப் பழகியதில் ஒன்று தெரியும்: முழுவதும் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது.

தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான மோரிஸ் மைனர் 1948இல் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தார். மைனரில் கிளட்ச் மிதியை இரும்புக் கம்பிகள் இணைக்கும். மினியில் அந்த வேலையைச் செய்வது பிரேக் எண்ணெய். மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். குழாய் வழியே போகும் எண்ணெய், இன்ஜின் பக்கமுள்ள கீழ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒரு கம்பியை நகர்த்த, கிளட்ச் விடுபடும். எண்ணெயை அடைத்து வைத்திருப்பது கிண்ண வடிவிலான சிறிய ரப்பர் சீல்கள். அவை தேய்ந்தால் எண்ணெய் கசியும், காற்று புகும். எண்ணெய் அழுத்தத்தைக் கடத்தும், காற்றோ சுருங்கிவிடும். அதனால்தான் மிதி தரைக்குப் போகிறது.

சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தோம். எண்ணெய்க் குப்பியில் அளவு அடியில் கிடந்தது. அப்பா மிதிக்க, நான் கம்பியைக் கவனித்தேன். அது சரியாக நகர்ந்தும் கியர் விழாவிட்டால்தான் கிளட்ச் தட்டைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் கம்பி அசையவே இல்லை. மிதிக்குக் கீழே கால்விரிப்பு காய்ந்திருந்தது, ஆகவே மேல் சிலிண்டரில் கசிவு தெரியவில்லை. கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கியதும் எண்ணெய் சொட்டியது.

குளுவாங் போய் சீலும் புதிய பிரேக் எண்ணெயும் வாங்கி வந்தேன். நூறு வெள்ளியைத் தாண்டவில்லை. சிலிண்டரின் உட்புறத்தை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். வழுவழுப்பாகவே இருந்தது.

பழைய சீலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “உன் பாட்டி இருட்டோட எழுந்து பால் வெட்டப் போவா. அந்தக் காலத்துல இதெல்லாம் அந்தப் பால்ல இருந்துதாம்மா வந்துச்சு.” இன்று இத்தகைய சீல்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பர். எதுவானாலும் இன்ஜின் எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நம் நாட்டுச் சூழலில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. காரின் சாயத்தில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

கடைசி வேலை காற்று எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். கீழ் சிலிண்டரின் காற்றுத் திருகில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் உள்ள போத்தலில் அமிழ்த்தினேன். அப்பா ஓட்டுநர் இருக்கையில்.

“மிதிங்கப்பா.”

“மிதிச்சிட்டேன்.”

திருகைத் திறந்தால் குமிழிகள். மூடியபிறகே, “விடுங்கப்பா.” இந்த வரிசை தவறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். இடையிடையே குப்பியையும் நிரப்ப வேண்டும். காற்றலையில் பிழைப்பு நடத்தும் நான், அன்று காற்றை விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் எங்களுக்குள் இந்த இரண்டு மூன்று சொற்கள்தாம். தொலைபேசியில் “சாப்பிட்டீங்களா?” என்பதோடு முடியும் எங்கள் பேச்சைவிட, அன்று ஒருவரையொருவர் கூடுதலாகக் கவனித்தோம்.

குமிழி நின்றது. மிதி மேலே வந்து நின்றது. அப்பா முதல் கியரைப் போட்டார். சத்தமே இல்லை.

மறுநாள் அந்த ஆள் வந்தார். அப்பா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரயில் நிலையம்வரை ஓட்டிக் காட்டினார். தேநீர் கொடுத்து உபசரித்து, “இப்போதைக்குக் கொடுக்கல தம்பி” என்று அனுப்பி வைத்தார். கிராண்ட் மீண்டும் அலமாரிக்குப் போனது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் நிற்கிறதா? விலை பேசுவதற்கு முன் அந்த ரப்பர் உறையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மிதிப்பதற்கு அப்பாவைக் கூப்பிடுங்கள்.