சும்மா உக்காரச் சொல்லாதீங்க!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவித்ததும், "ரோபோவைப் பத்தி எழுதுடா, எலெக்ட்ரிக் வண்டியைப் பத்தி எழுதுடா" என்று ஆளாளுக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். எனக்கு என்னவோ எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். அவர்கள் வீட்டோடு இருக்கும்போது எப்படிப் பொழுதைக் கழிப்பது, எப்படி மனம் சோராமல் இருப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்க அப்பாரு

எங்க அப்பாரு (அப்பாவின் அப்பா) மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் 38 வருஷம் மூட்டை தூக்கியவர். நீலகிரியில் இருந்து லாரியில் வரும் உருளைக்கிழங்கை முதுகில் இறக்கி, மறுபடி வெளியூர் லாரியில் ஏற்ற வேண்டும். ஒரு மூட்டை 45 கிலோ. எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி முதலில் படிக்க வந்தவன் நான்தான். என் முதல் வருஷப் பீஸ் அவர் இடுப்பு மடியில் சேர்த்து வைத்த பணம். அவர் சுமந்த மூட்டை மேல்தான் நான் உட்கார்ந்து படிக்கிறேன் என்றால் அது மிகையாகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பொடக்காணியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "கைப்பிடிச்சு மெதுவா நடக்க விடுங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நாங்கள்தான் கேட்கவில்லை. மறுபடி விழுந்துவிட்டால்? அந்தப் பயம். அவர் எழுந்தால் அம்மா ஓடி வந்து, "மாமா, நீங்க எந்திரிக்காதீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க" என்பார். நானும், "அப்பாரு, சும்மா உக்காருங்கோ, நாங்க பாத்துக்கறோம்" என்பேன். அன்பாகத்தான் சொன்னோம். அதுதான் தப்பு.

நாலு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். பகல் முச்சூடும் தூக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட முழிப்பு. பேச்சுக் குறைந்தது. கடைசியில் சோற்று வட்டலைத் தள்ளி வைக்க ஆரம்பித்தார். ஒருநாள் இரவு நான் கெஞ்சியபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏஞ்சாமி, ஒரு மூட்டையாட்ட என்னய மூலையில எறக்கி வெச்சுட்டீங்க. மூட்டைக்கு எதுக்குச் சோறு?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

நம் ஒர்க் ஷாப்பில் ஓடுகிற லேத்தையும், மூலையில் கிடக்கிற லேத்தையும் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற மெஷின் தேயும். ஓடாத மெஷின் துருப்பிடிக்கும். மனித உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். உபயோகிக்காத தசை மெலிந்துவிடும். வயதானவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். படுக்கையிலேயே கிடந்தால் சில நாட்களிலேயே கால் பலம் குறையத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு விஷ வட்டம் இருக்கிறது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நடக்காமல் இருக்கிறார்கள். நடக்காததால் காலில் பலம் போகிறது. பலம் போனதால் உண்மையிலேயே விழுகிறார்கள். ஆகவே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று உட்கார வைப்பது பத்திரமே அல்ல!

தூக்கத்துக்கும் காரணம் உண்டு. நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். இருட்டு அறையில் பகலெல்லாம் கண்ணயர்ந்தால் அந்தக் கடிகாரம் குழம்பி, ராத்திரி தூக்கம் ஓடிவிடும்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 வருஷம் உழைத்தவருக்கு வேலை என்பது கூலி மட்டும் அல்ல. 'நான் இல்லாவிட்டால் இந்தக் காரியம் நடக்காது' என்கிற எண்ணமும் அதில்தான் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு டி.வி.யைப் போட்டுக் கொடுத்தால் மனம் நிறையுமா? 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து, 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வரவே கூடாது என்று இருந்த நாட்களில், நாமே இரண்டு மாதத்தில் எவ்வளவு சலித்துப்போனோம்? அவர்களில் பலருக்கு அந்த ஊரடங்கு இன்னும் முடியவில்லை.

காதையும் கண்ணையும் மறக்கக் கூடாது. காது மந்தமானவர் நாலு பேர் பேசும் இடத்தில் பாதிதான் புரிந்து, கேட்கக் கூச்சப்பட்டு, மெல்ல ஒதுங்கிவிடுவார். நாம் 'கோவக்காரர்' என்று பேர் வைத்துவிடுவோம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, முதுமை மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, சரி செய்யாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு, உடலுழைப்பு இல்லாமை, தனிமை ஆகிய ஐந்தும் அதில் இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்களையே பாருங்கள்

வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை. நம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைத் தெரியாதவர் உண்டா? சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்து, சின்னதாகக் கடை வைத்து, சேர்த்த பணத்தில் நிலம் வாங்கியவர். நூறு வயதைக் கடந்தும் தோட்டத்தில் இறங்கி இயற்கை விவசாயம் பார்த்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 செப்டம்பர் 27 அன்று மறைந்தார்.

மேட்டுப்பாளையம் தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மி வாத்தியார். ஆண்கள் மட்டும் ஆடி வந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தவர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. கோவையில் யோகா சொல்லிக் கொடுத்த நானம்மாள் பாட்டி 1920-இல் பிறந்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, 2019-இல் 99 வயதில் மறையும்வரை யோகாவை விடவில்லை.

பக்கத்து மாநிலமான கேரளாவில் கார்த்தியாயினி அம்மா என்ற பாட்டி, 2018-இல் தன் 96-ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண் எடுத்தார். (அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்க!)

"அவர்களுக்கு உடம்பு ஒத்துழைத்தது, எங்க பாட்டியால் எழவே முடியாதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோரும் ஏர் ஓட்டவோ கும்மி ஆடவோ வேண்டியதில்லை. இவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைக் கைவிடவில்லை, அதை இன்னொருவருக்குப் பயன்படும்படி செய்தார்கள். இந்த இரண்டும் திண்ணையில் உட்கார்ந்தபடியே முடியும். அதை எனக்குக் காட்டியது ஒரு ரெக்கார்டு நோட்டு.

கோணி ஊசி

போன வருஷம் ஒருநாள் என் லேப் ரெக்கார்டு தாள் தாளாகக் கழன்றுவிட்டது. மறுநாள் கையெழுத்து வாங்க வேண்டும். நான் ஊசி நூலை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாரு சித்த நேரம் பார்த்தார். பிறகு, "அட, இப்படியா தைப்பாங்க? குடு இங்க. அட்டாலி மேல என்ற கோணி ஊசி கெடக்கும், எடுத்தா" என்றார்.

மூட்டை தைத்த கை அல்லவா! ஓரத்தில் அளவாக ஓட்டை போட்டு, சணலை முறுக்கி, இழுத்துப் போட்ட முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. மறுநாள் என் நண்பன் அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் கொடுத்தான். அப்புறம் இன்னொருவன். இந்த வருஷம் 23 ரெக்கார்டு நோட்டு தைத்திருக்கிறார். இந்த மலரைப் படிப்பவர்களில் சிலருடைய நோட்டும் அதில் உண்டு! அன்று ராத்திரி அம்மா சோறு போட்டபோது, "கொஞ்சம் ரசம் ஊத்தம்மிணி" என்று அவராகவே கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதது எனக்குத் தெரியும்.

நாம் என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டு அனுபவத்தையும் டாக்டரிடம் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

1. தெரிந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள்: பூக் கட்டுதல், கருவேப்பிலை உருவுதல், பாக்கு உரித்தல், கீரை ஆய்தல், விதை பொறுக்குதல், பழைய குடை தைத்தல், பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்லுதல். 'பொழுது போகட்டும்' என்று பொய் வேலை கொடுக்காதீர்கள். அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே வீட்டுக்குத் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும்.

2. நாளுக்கு ஒரு ஒழுங்கு: நம் ஊர் மலை ரயிலைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம். அதற்கு மேல் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவில் பல் தண்டவாளம். என்ஜினின் பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறும். முதுமையும் ஏற்றம்தான். காலை வெயிலில் கால் மணி நேரம், பத்து மணிக்கு ஒரு வேலை, சாயங்காலம் திண்ணைப் பேச்சு என்று நாளுக்கு நாலு பல் இருந்தால் வழுக்காமல் ஏறலாம்.

3. அசைவு: உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும். தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும். முடியாதவர்கள் முடிந்த அளவு செய்தால் போதும். நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது போன்றவை வீட்டுக்குள்ளேயே ஆகும். டாக்டரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒருவர் நின்று செய்ய வேண்டும்.

4. சேப்டி: டிசைன் பாடத்தில் 'ஃபேக்டர் ஆஃப் சேப்டி' படிக்கிறோமே, அதை வீட்டில் போடுங்கள். பொடக்காணியில் கைப்பிடிக் குழாய், வழுக்காத தரை, ராத்திரி ஒரு சின்ன விளக்கு. எங்க வீட்டில் இரண்டடி ஜி.ஐ. பைப்பை நானே சுவரில் பொருத்தினேன். நான் படித்த படிப்பு முதன்முதலில் உபயோகமானது அங்கேதான்.

5. உறவு: போன் போடக் கற்றுக் கொடுங்கள். ஒரே நாளில் வராது, கோபப்படாமல் பத்துத் தடவை சொல்லுங்கள். பழைய கூட்டாளிகளை வாரம் ஒருநாள் வரச் சொல்லுங்கள். மண்டிக் கூட்டாளி ஒருவர் வந்தால் எங்க அப்பாரு சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

6. எப்போது டாக்டர்?: வயதானால் சோகமாகத்தான் இருப்பார்கள் என்பது தவறு. இரண்டு வாரத்துக்கு மேல் சோறு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்தால் அது நோயாக இருக்கலாம், மருந்து உண்டு. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய இலவச எண்களை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் தருவதற்காக 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இதைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முடிவாக

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். குளிர்காலத்தில் அப்பாருக்கு இடுப்பு வலி தாங்காது. சில நாள் யாரிடமும் பேசமாட்டார். அந்த நாட்களில் நாங்களும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் கைத்தடியோடு டீக்கடை வரை போய் வருகிறார். சாயங்காலம் ஒரு சிலேட்டில் நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். மூட்டை தைக்க எனக்கு அவர் சொல்லிக் கொடுக்கிறார். போன மாதம் பேங்கில் கைநாட்டு வைக்க மையை நீட்டியபோது, "வேண்டாமுங்க, பேனா குடுங்க" என்றார். தன் பேரின் நாலு எழுத்தைப் போட அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நண்பர்களே! பரீட்சை லீவில் ஊருக்குப் போவீர்கள். வீட்டுப் பெரியவரிடம், "நீங்க சும்மா உக்காருங்க" என்று சொல்வதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை, "இதை எப்படிச் செய்யறதுங்க, கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

ரெக்கார்டு நோட்டு கழன்றவர்கள் என்னைப் பார்க்கவும். கட்டணம் கிடையாது. ஆனால் நோட்டை நீங்களே எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து, திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் அப்பாரு வைத்திருக்கும் கூலி.