தாமிர ஆக்ஸைடும் ஒளிச் சோதனையும்

ஆராய்ச்சிக்கூடங்களுக்கு ராஜாங்கம் செலவிடும் பணத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இதனால் ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாகத் தாமிர ஆக்ஸைடின் சரித்திரத்தை நமது வாசகர்கள் முன் வைக்கிறோம்.

ஒரு திடப்பொருளிலுள்ள எலெக்ட்ரான்களைத் தனித்தனியே கருதிக் கணக்கிட்டால், அது மின்சாரத்தைக் கடத்துமா கடத்தாதா என்று சொல்லிவிடலாம் என்பது பௌதிக சாஸ்திரிகளின் பழைய நம்பிக்கை. செம்பிலும் அலுமினியத்திலும் அக்கணக்குப் பலித்தது. நிக்கல் ஆக்ஸைடில் பலிக்கவில்லை. கணக்கின்படி கடத்த வேண்டிய அப்பொருள் கடத்த மறுக்கிறது என்பது 1937-லேயே எடுத்துக்காட்டப்பட்டது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால், நகர இடமின்றி எல்லாம் நின்றுவிடுகின்றன என்று ஆங்கில விஞ்ஞானி நெவில் மாட் காரணம் கூறினார்.

1986-ல் ஸூரிச் நகரில் பெட்நார்ஸ், முல்லர் என்ற இருவர், இவ்வினத்தைச் சேர்ந்த தாமிர ஆக்ஸைடு ஒன்றில் பேரியத்தைச் சேர்த்துக் குளிர்வித்தபோது, மின்தடை நீங்கக் கண்டனர். மறு வருஷமே, திரவ நைட்ரஜனின் குளிர்ச்சி போதுமான வேறொரு தாமிர ஆக்ஸைடும் கிடைத்தது. உலகம் வியந்தது, காரணம் மட்டும் விளங்கவில்லை.

இங்கேதான் ஒளி துணைக்கு வந்தது. ஒளி பட்டால் உலோகத்தினின்று எலெக்ட்ரான் வெளியேறுவது ஏன் என்பதை ஐன்ஸ்டீன் 1905-ல் விளக்கியிருந்தார். வெளியேறும் எலெக்ட்ரானின் வேகத்தையும் திசையையும் அளந்தால், பொருளுக்குள் அது இருந்த நிலையைக் கணக்கிட்டறியலாம். மேற்பரப்பின் சில அணு அடுக்குகளிலிருந்தே அவை வருவதால், அப்பரப்பில் மாசு படியலாகாது. காற்றழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வெற்றிடம் வேண்டும். இம்முறையைக் கொண்டு ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 1993-ல் ஓர் உண்மையைக் கண்டனர். ஜோடி சேர்ந்த எலெக்ட்ரான்களைப் பிரிக்க வேண்டிய சக்தி, ஒரு திசையில் மிகுதியாகவும் மற்றொரு திசையில் ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருந்தது. பழைய கொள்கை இங்கே செல்லாது என்பதற்கு இது வலிய சாட்சியாயிற்று. எனினும் அவற்றை ஜோடி சேர்ப்பது எது என்பதில் அபிப்பிராய பேதம் இன்றும் தீரவில்லை.

இவ்வாராய்ச்சிக்குரிய ஒளியை நமது தேசத்தில் இந்தூரிலுள்ள இண்டஸ் யந்திரங்கள் அளிக்கின்றன. ஆயினும் நமது விஞ்ஞானிகள் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் சென்று, அங்குள்ள யந்திரங்களையும் நாட வேண்டியிருக்கிறது. தடையின்றி மின்சாரம் ஓடும் கம்பி எல்லாத் தேசங்களுக்கும் வேண்டியது. அதன் ரகசியத்தைப் பிறர் கண்டபின் விலை கொடுத்து வாங்குவோமா, அல்லது கண்டறிவோர் வரிசையில் இன்றே நிற்போமா? பிரயோஜனம் கேட்போர் இதையும் யோசிப்பார்களாக.